விமானம் தாமதமானால்: காத்திருப்பதா, மாற்றிக்கொள்வதா, பணத்தைத் திரும்பக் கேட்பதா?

தாமத அறிவிப்பு வந்ததும் கேட் பக்கத்துக் கவுண்டரில் நீளமாக ஒரு வரிசை உருவாகும். முன்னால் நிற்பவர் இழப்பீடு கேட்டுக் கத்துவார், பின்னால் நிற்பவர்களின் நேரம் கரையும். அந்த ஊழியரால் வேறு விமானத்தில் இடம் போட்டுத் தர முடியும், உணவுக் கூப்பன் தர முடியும், ஹோட்டல் ஏற்பாடு செய்ய முடியும். இழப்பீட்டை முடிவு செய்வது வேறொரு அலுவலகத்தில் இருக்கும் வேறொரு பிரிவு. கவுண்டரில் நிற்பவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

எனவே கையில் இருப்பவை இரண்டு தனி வேலைகள். ஒன்று, இன்று எப்படிப் போய்ச் சேர்வது. இதற்குச் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த விமானத்தில் மிச்சமிருக்கும் இடங்களுக்கு உங்களோடு சேர்த்து நூற்றைம்பது பேர் போட்டியிடுகிறார்கள். மற்றொன்று, பணத்தை எப்படி வாங்குவது. அதற்கு மாதக்கணக்கில், சில நாடுகளில் ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. முதல் வேலை முடியும்வரை இரண்டாவதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். ஆதாரத்தை மட்டும் சேர்த்து வையுங்கள்.

முதலில், தாமதம் உண்மையில் எவ்வளவு?

எந்த வழி நல்லது என்பது தாமதத்தின் நீளத்தைப் பொறுத்தது. ஆனால் திரையில் காட்டும் நேரத்தை அப்படியே நம்ப முடியாது. அது பெரும்பாலும் குறைந்தபட்ச மதிப்பீடு. பயணிகள் கலைந்து போய்விடக் கூடாது என்பதற்காக அரை அரை மணி நேரமாக நீட்டிக்கொண்டே போவதும் வழக்கம்.

நீங்களே கணக்குப் போட ஒரு வழி உண்டு. உங்கள் பயணத்துக்கு வரவேண்டிய விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல நிறுவனங்களின் செயலியிலேயே இந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், அதற்கு ஒதுக்கியுள்ள விமானத்தின் பதிவெண் தெரியும். பதிவெண்ணைத் தட்டினால் அந்த விமானம் இப்போது எந்த ஊரில், அல்லது எந்த வானத்தில் இருக்கிறது என்று காட்டும். அது தரையிறங்கும் நேரத்தோடு, பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏற்றும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய ஜெட்டுக்கு 30 முதல் 45 நிமிடம், இரட்டை நடைபாதை கொண்ட பெரிய விமானத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம்.

திரை 7.30-க்குப் புறப்பாடு என்கிறது, உள்ளே வரும் விமானமோ 7.25-க்குத்தான் இறங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு முன் நீங்கள் கிளம்ப வழியே இல்லை. ஐந்து நிமிடத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியாது. நிறுவனத்தின் தலைமைத் தளமாக இருக்கும் விமான நிலையத்தில் மட்டும் இந்தக் கணக்கு தப்பலாம். அங்கே சும்மா நிற்கும் இன்னொரு விமானத்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பதிவெண்ணும் மாறிவிடும்.

காரணத்தையும் கேட்டு வாங்குங்கள். விமான நிறுவனங்கள் உள்ளுக்குள் ஒவ்வொரு தாமதத்துக்கும் ஐயாட்டா (பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம்) குறியெண் ஒன்றைப் பதிவு செய்கின்றன. 93 என்றால் முந்தைய பயணத்திலிருந்து விமானம் தாமதமாக வந்தது, 41 என்றால் விமானத்தில் கோளாறு. குறியெண்ணை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், ஆனால் “ஆபரேஷனல் ரீசன்” என்று மழுப்பும்போது, “உள்ளே வரும் விமானம் தாமதமா, தொழில்நுட்பக் கோளாறா, வானிலையா, பணிக்குழுவா?” என்று நான்கையும் வரிசையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றுக்குத் தலையசைப்பார்கள்.

உள்ளே வரும் விமானம் தாமதம் என்றால் கணிக்க முடிந்த தாமதம், மேலே சொன்ன கணக்கு பலிக்கும். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டினால் வரும் தாமதம் திடீரென்று கூடும், திடீரென்று குறையவும் செய்யும். “9.40” என்று இருந்தது “9.05” ஆகிவிடும். இந்த வகையில் கேட்டை விட்டு நகராதீர்கள். தொழில்நுட்பக் கோளாறுதான் மோசமானது. பொறியாளர் உள்ளே போய்ப் பார்க்கும்வரை யாருக்கும் விடை தெரியாது, உதிரி பாகம் வேறு ஊரிலிருந்து வரவேண்டியிருந்தால் அன்று அந்த விமானம் பறக்காது. நேரம் இரண்டு முறை தள்ளிப்போயும் பயணிகளை ஏற்றத் தொடங்கவில்லை என்றால் மாற்று வழியைத் தேட ஆரம்பித்துவிடலாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று, பணிக்குழுவின் நேர வரம்பு. விமானிகளின் பணி நேரம் விமானம் மேலே கிளம்பும்போது அல்ல, அவர்கள் வந்து பதிவு செய்த நிமிடத்திலேயே ஓடத் தொடங்குகிறது. அன்றைய நாளில் ஏற்கெனவே இரண்டு மூன்று பயணங்களை முடித்த குழுவாக இருந்தால், மூன்று மணி நேரத் தாமதம் அவர்களைச் சட்ட வரம்புக்கு வெளியே தள்ளிவிடும். மாற்றுக் குழு கிடைக்காவிட்டால் பயணம் ரத்து. இரவு நேரத் தாமதங்கள் “இதோ கிளம்பிவிடும்” என்று இழுத்து இழுத்து, நள்ளிரவை ஒட்டிச் சட்டென்று ரத்தாவதன் பின்னணியில் பல சமயம் இதுதான் இருக்கும். எனவே உங்களுடையது அன்றைய கடைசி விமானமாக இருந்தால், பகல் தாமதத்தைவிட இரண்டு மடங்கு சந்தேகத்தோடு அணுகுங்கள்.

வழிகளும் அவற்றின் விலையும்

காத்திருப்பது மலிவான வழி. தாமதம் இரண்டு மணி நேரத்துக்குள், இணைப்பு விமானம் எதுவும் இல்லை, காரணம் உள்ளே வரும் விமானம் என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். உங்கள் டிக்கெட்டும் உரிமைகளும் அப்படியே இருக்கும், லக்கேஜ் உங்களோடு வந்துவிடும். இதில் ஒரே ஆபத்து, காத்திருந்த நேரத்தில் மற்ற விமானங்களின் இடங்கள் நிரம்பிவிடுவது. அதனால் காத்திருக்கும்போதே, மாற்று விமானத்தில் எத்தனை இடம் இருக்கிறது என்று அரை மணிக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு இடம்தான் மிச்சம் என்ற நிலை வந்தால் அப்போதே முடிவெடுக்க வேண்டும்.

அதே நிறுவனத்தின் வேறு விமானத்துக்கு மாறுவது அடுத்த வழி. பெரும்பாலான சூழ்நிலைகளில் சிறந்ததும் இதுதான். இதில் இரண்டு பொறிகள் உண்டு.

முதல் பொறி, நீங்களாக மாற்றுவதற்கும் நிறுவனம் மாற்றித் தருவதற்கும் உள்ள வித்தியாசம். செயலியில் வழக்கமான “பயணத்தை மாற்று” பொத்தானை அழுத்தினால் அது உங்கள் விருப்ப மாற்றமாகப் பதிவாகி, கட்டண வித்தியாசமும் மாற்றக் கட்டணமும் கேட்கும். தாமதத்தைக் காரணம் காட்டி இலவச மாற்று என்று தனியாக ஒரு பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மனிதரிடம் பேசி, “உங்கள் தாமதத்தால் மாற்றுகிறேன், என் விருப்பத்தால் அல்ல” என்று தெளிவாகச் சொல்லி மாற்றுங்கள். இந்தப் பதிவு பின்னால் இழப்பீட்டுக்கும் உதவும்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. முன்பதிவும் டிக்கெட்டும் வேறு வேறு. ஆறு எழுத்து பிஎன்ஆர் என்பது இடம் ஒதுக்கிய பதிவு. 13 இலக்க எண்தான் டிக்கெட், அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் குறிக்கும். அவசரத்தில் ஊழியர் புதிய விமானத்தில் இடத்தை ஒதுக்கிவிட்டு, டிக்கெட்டைப் புதிய பயணத்துக்கு ஏற்ப மறுபடி வழங்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. செயலியில் எல்லாம் சரியாகத் தெரியும். கேட்டில் போர்டிங் பாஸ் வராது. இன்னொரு நிறுவனத்தின் விமானத்துக்கு மாற்றியிருந்தால் இந்தச் சிக்கல் மேலும் அதிகம். கவுண்டரை விட்டு நகரும் முன், “டிக்கெட் ரீஇஷ்யூ ஆகிவிட்டதா, புதிய எண் என்ன?” என்று கேளுங்கள். அதைவிட உறுதியானது, அங்கேயே நின்று புதிய விமானத்துக்குச் செக்-இன் செய்து போர்டிங் பாஸைக் கையில் வாங்கிவிடுவது. காத்திருப்புப் பட்டியலில் மட்டும் சேர்த்திருந்தால், புதிய இடம் உறுதியாகும்வரை பழைய விமானத்தின் இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாற்றுக் கேட்கும் முன் நீங்களே தேடி வைத்திருந்தால் காரியம் விரைவாக முடியும். நேரடி விமானம் இல்லையென்றால் வேறொரு ஊர் வழியாக, அல்லது அருகிலுள்ள இன்னொரு விமான நிலையத்துக்கு என்று இரண்டு மூன்று விமான எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். “ஏதாவது பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்பவருக்கு கணினி முதலில் காட்டுவது கிடைக்கும். அது பெரும்பாலும் நாளைக் காலை.

வேறு நிறுவனத்தின் விமானத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்பது மூன்றாவது வழி. இரு நிறுவனங்களுக்கிடையே டிக்கெட் ஒப்பந்தம் இருந்தால் இது எளிது, ஒரே கூட்டணியில் இருந்தால் இன்னும் எளிது. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றுக்கு இப்படி ஒப்பந்தமே இருக்காது, எவ்வளவு கெஞ்சினாலும் அவர்கள் கணினியில் அந்த வசதி இல்லை. டிக்கெட் வாங்கும்போது மலிவாகத் தெரிந்ததன் மறுபக்கம் இது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம் மட்டும் ஓட்டும் நிறுவனத்துக்கும் ஒரு நாளைக்கு எட்டு ஓட்டும் நிறுவனத்துக்கும் இடையே கட்டண வித்தியாசம் சிறிதாக இருந்தால், எட்டு ஓட்டுபவரிடம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொந்தமாக வேறு டிக்கெட் எடுப்பது நான்காவது வழி. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் கடைசிப் புகலிடமாகவே இதைக் கருதுங்கள். திரும்பி வருவது நீங்கள் கொடுத்த பழைய கட்டணம், புதிதாகக் கொடுக்கப் போவதோ கடைசி நேரக் கட்டணம். அதோடு, ரீஃபண்டை ஏற்ற நிமிடத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து போய்விடுகிறது. மாற்று விமானம், ஹோட்டல், சாப்பாடு எதையும் அதன்பின் கேட்க முடியாது.

தாமதம் எவ்வளவு நீண்டால் ரீஃபண்ட் உரிமை என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். ஐரோப்பிய ஒன்றிய விதியில் 5 மணி நேரம். அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் உள்நாட்டுப் பயணத்துக்கு 3 மணி, பன்னாட்டுக்கு 6 மணி. இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிப்படி, உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றால் மாற்று விமானமோ முழு ரீஃபண்டோ தர வேண்டும். இந்த வரம்பைத் தாண்டிவிட்டது உறுதி என்றால், புதிய டிக்கெட்டை முதலில் வாங்குங்கள், ரீஃபண்டைப் பிறகு கேளுங்கள். இடம் போனால் திரும்பாது, உரிமை எங்கும் போகாது. வரம்புக்குக் கீழே என்றால் வரிசை தலைகீழ்: ரீஃபண்ட் உண்டு என்று எழுத்தில் வாங்கிய பிறகே புதிய டிக்கெட்.

போகவரச் சேர்த்து எடுத்த டிக்கெட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். போகும் விமானத்தில் ஏறாமல் நீங்களாக வேறு வழியில் போய்விட்டால், கணினி உங்களை வராதவர் என்று குறித்து, திரும்பி வரும் டிக்கெட்டையும் தானாக ரத்து செய்துவிடும். “போகும் பகுதிக்கு மட்டும் ரீஃபண்ட், திரும்பும் பகுதி அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லி, அதை மின்னஞ்சலிலோ சாட்டிலோ உறுதிப்படுத்திக்கொள்ளாமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவேண்டாம். ரயிலிலோ பேருந்திலோ போக முடிவெடுத்தாலும் இதே எச்சரிக்கைதான். நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்குள், தாமதம் நான்கு மணியைத் தாண்டும்போது, தரைவழி பெரும்பாலும் முந்திவிடும்.

லக்கேஜை ஒப்படைத்துவிட்டீர்களா என்பதும் முடிவை மாற்றும். ஒப்படைத்த பெட்டியை விமானத்திலிருந்து இறக்கி உங்களிடம் தர ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம், சில விமான நிலையங்களில் அன்றைக்கே முடியாது என்பார்கள். கைப்பையோடு மட்டும் போகிறவருக்கு இந்த நான்கு வழிகளும் திறந்திருக்கும். இரண்டு பெட்டி போட்டவருக்கு முதல் இரண்டுதான் நடைமுறை.

இணைப்பு விமானம் இருந்தால் இரண்டும் ஒரே டிக்கெட்டா என்று பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் இணைப்பைத் தவறவிட்டாலும் கடைசி ஊர்வரை சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு முதல் விமானத்தின் தாமதம் சம்பந்தமே இல்லாதது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டாவது விமானம் புறப்படும் முன்பே அந்த நிறுவனத்தை அழைத்து மாற்றுவது. புறப்படும் முன் மாற்றினால் மாற்றக் கட்டணத்தோடு போகும், புறப்பட்ட பின் அழைத்தால் டிக்கெட்டே போய்விடும்.

யாரிடம் பேசினால் வேலை நடக்கும்

வரிசையில் நில்லுங்கள், நின்றுகொண்டே செயலியையும் திறவுங்கள், தொலைபேசியிலும் அழையுங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அது.

இலவச மாற்று செயலியில் திறந்திருந்தால் அதைவிட வேகம் வேறில்லை. தொலைபேசியில் இருப்பவருக்கும் கவுண்டரில் இருப்பவருக்கும் தெரிவது ஒரே கணினிதான், ஆனால் தொலைபேசியில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் வேறு. பெரிய அளவில் தாமதம் நடக்கும் நாளில் உள்ளூர் எண் முடங்கிவிடும், அதே நிறுவனத்தின் வேறு நாட்டு எண்ணை அழைத்தால் சீக்கிரம் எடுப்பார்கள். பேசுபவர் முடியாது என்றால் வாதாடாமல் நன்றி சொல்லி வைத்துவிட்டு மறுபடி அழையுங்கள். விதியைப் புரிந்துகொள்வதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு.

சாட்டுக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது: எழுத்தில் பதிவாகிறது. வேகம் குறைவு. தானியங்கி பதில் முதலில் வரும், “ஏஜென்ட்” என்று மட்டும் இரண்டு மூன்று முறை தட்டினால் பெரும்பாலும் மனிதருக்குப் போகும். சமூக வலைதளத்தில் பொதுவில் திட்டி எழுதுவதால் மாற்று விமானம் கிடைப்பதில்லை. அங்கே நிறுவனத்தின் கணக்குக்குத் தனிச் செய்தி அனுப்பினால் சில நிறுவனங்களில் உண்மையாகவே வேலை நடக்கும். பிஎன்ஆரையும் போர்டிங் பாஸ் படத்தையும் பொதுவில் போட்டுவிடாதீர்கள், அதை வைத்து உங்கள் முன்பதிவை யாரும் திறக்கலாம்.

எந்த வழியில் எழுதினாலும் செய்தி இப்படி இருக்கட்டும்: “பிஎன்ஆர் இது, பெயர் இது. இன்றைய இந்த எண் விமானம் 4 மணி நேரம் தாமதம், இணைப்பைத் தவறவிடுவேன். மாலை 6.10 விமானத்துக்கு மாற்றித் தரவும். அதில் இடம் இல்லையென்றால் 8.45. இரண்டு பேர், பெட்டி ஒன்று ஒப்படைத்துள்ளோம்.” படிப்பவர் மேற்கொண்டு எதையும் கேட்காமல் வேலையை முடிக்க இவ்வளவு போதும். உங்கள் வருத்தத்தை இதில் சேர்த்தால் பதிலாக ஒரு மன்னிப்பு வரும், டிக்கெட் வராது.

பயண முகவர் தளத்தில் வாங்கிய டிக்கெட்டுக்குத் தொல்லை அதிகம். முகவரின் கட்டுப்பாட்டில் இருக்கும் டிக்கெட்டை நிறுவனம் தொட மறுக்கும், முகவர் நிறுவனத்தைக் கைகாட்டுவார். பயண நாளன்று விமான நிலைய ஊழியர் அந்த டிக்கெட்டை எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், இந்த ஒரு வகைக்கு நேரடிக் கவுண்டர்தான் சிறந்தது. ரீஃபண்ட் மட்டும் பெரும்பாலும் முகவர் வழியாகத்தான் வரும், நாளும் கூடுதலாக ஆகும்.

காத்திருக்கும் நேரத்தில் வாங்க வேண்டியவை

உணவும் தங்குமிடமும் இழப்பீட்டிலிருந்து வேறுபட்டவை. ஐரோப்பிய விதியில் புயலே காரணமாக இருந்தாலும் இவற்றைத் தர வேண்டும். எரிமலைச் சாம்பலால் வான்வெளி மூடப்பட்டபோதுகூட இந்தப் பொறுப்பு நீங்கவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் சொன்னது. தூரத்தைப் பொறுத்து 2, 3 அல்லது 4 மணி நேரத் தாமதத்திலேயே உணவு தொடங்கிவிடும். இந்திய விதியிலும் இதே 2, 3, 4 மணி நேர அடுக்கு இருக்கிறது, அங்கே அளவுகோல் பயண நேரம். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ ஹோட்டலும் உண்டு. அமெரிக்காவில் இது சட்டம் அல்ல, நிறுவனங்கள் தாங்களே கொடுத்த உறுதிமொழி.

கூப்பன் தர ஆளே இல்லையென்றால் சொந்தச் செலவில் நியாயமான அளவில் வாங்கிப் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். மதுவும் ஐந்து நட்சத்திர அறையும் திரும்பக் கிடைக்காது.

ஆதாரமாகச் சேர்க்க வேண்டியவை: போர்டிங் பாஸ், தாமத நேரம் தெரியும் திரையின் படம், நிறுவனம் அனுப்பிய ஒவ்வொரு குறுஞ்செய்தி, காரணத்தைக் குறிப்பிட்ட தாமதச் சான்று. காப்பீட்டுக்குக் கடைசியில் சொன்னது கட்டாயம். போய் இறங்கியதும் விமானக் கதவு திறந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விதியில் வந்துசேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, கதவு திறந்து பயணிகள் இறங்க முடிந்த நேரம். 2 மணி 55 நிமிடத்துக்கும் 3 மணி 2 நிமிடத்துக்கும் இடையே பல நூறு யூரோ இருக்கிறது.

பணம்: எந்தச் சட்டம் உங்களுக்கு

உங்கள் நாடு எது என்பதைவிட விமானம் எங்கிருந்து கிளம்பியது, எந்த நிறுவனம் ஓட்டியது என்பதே முக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்துக்கும் ஈசி 261/2004 விதி பொருந்தும். 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 1,500 முதல் 3,500 வரை 400, அதற்கு மேல் 600. நீண்ட தூரத்தில் தாமதம் 4 மணிக்குள் இருந்தால் 600 பாதியாகும். டிக்கெட் விலைக்கும் இந்தத் தொகைக்கும் தொடர்பில்லை. நிறுவனம் தப்பிக்கச் சொல்லும் ஒரே சொல் “அசாதாரண சூழ்நிலை”. வானிலையும் பறவை மோதலும் அதில் வரும். வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு வராது, நிறுவனத்தின் சொந்த ஊழியர் வேலைநிறுத்தமும் வராது. முதல் மறுப்புக் கடிதத்தில் “தொழில்நுட்பக் காரணம்” என்று எழுதியிருந்தால் அது மறுப்பே அல்ல, உங்கள் பக்கத்துச் சாட்சி. பிரிட்டன் இதே விதியைத் தன் நாணயத்தில் வைத்திருக்கிறது: 220, 350, 520 பவுண்டு.

கனடாவில் பெரிய நிறுவனங்களுக்கு 3 முதல் 6 மணி வரை 400 கனடிய டாலர், 9 மணி வரை 700, அதற்கு மேல் 1,000. ஆனால் காரணம் நிறுவனத்தின் கையில் இருந்ததாகவும், பாதுகாப்புக்காகச் செய்ததல்லாததாகவும் இருக்க வேண்டும். அந்தப் “பாதுகாப்பு” என்ற வாசலில்தான் பெரும்பாலான சண்டை நடக்கிறது. ஓராண்டுக்குள் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் தாமதத்துக்கென்று கட்டாய இழப்பீடு இல்லை. இந்திய விதியிலும் வெறும் தாமதத்துக்குப் பணம் இல்லை. போதிய முன்னறிவிப்பில்லாத ரத்துக்கும், இடம் இல்லையென்று ஏற்ற மறுப்பதற்கும் மட்டும் உண்டு. ரத்துக்கான உச்சத் தொகை பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது.

பன்னாட்டுப் பயணத்துக்கு இவை எல்லாவற்றுக்கும் அடியில் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. 130-க்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றது இது. இது நிலையான தொகை தராது, நீங்கள் நிரூபிக்கும் இழப்பைத் தரும்: தவறிய ஹோட்டல் முன்பணம், புதிதாக வாங்கிய டிக்கெட், டாக்சி. தாமதத்துக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒருவருக்கு 6,303 எஸ்டிஆர், லக்கேஜுக்கு 1,519. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, அதன் அன்றாட மதிப்பை நிதியமே வெளியிடுகிறது. நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பிக்கலாம். நிலையான தொகை தரும் சட்டம் பொருந்தும்போது அதைக் கேளுங்கள், பில் பெரிதாக இருந்தால் மான்ட்ரியலையும் சேர்த்துக் கேளுங்கள். தொகைகளும் வரம்புகளும் அவ்வப்போது திருத்தப்படுபவை, கடிதம் எழுதும் நாளில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

யார் வழியாகக் கேட்பது

நிறுவனத்தின் இணையப் படிவத்தில் நேரடியாகக் கேட்பதில் தொடங்குங்கள். செலவில்லை, மற்ற வழிகள் எல்லாவற்றுக்கும் இதுவே முன்நிபந்தனை. விமான எண், தேதி, குறித்த வருகை, உண்மை வருகை, எந்தச் சட்டத்தின் கீழ் எவ்வளவு, வங்கிக் கணக்கு, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று அரைப்பக்கம் போதும். பயண வவுச்சர் தருகிறோம் என்பார்கள். வவுச்சரின் தொகை ரொக்கத்தைவிடக் கூடுதலாக, காலாவதி ஓராண்டுக்கு மேலாக, நீங்கள் உறுதியாக அந்த நிறுவனத்தில் பறப்பவராக இருந்தால் மட்டும் ஏற்கலாம். இல்லாவிட்டால் ரொக்கத்தைக் கேட்பதே மேல். ஏற்றுக்கொண்டதும் மற்றக் கதவுகள் எல்லாம் மூடிவிடும்.

உங்களுக்காக இழப்பீடு கேட்டு வாங்கித் தரும் கிளெய்ம் கம்பெனிகள் ஜெயித்தால் மட்டும் கமிஷன் எடுக்கின்றன, தொகையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்வரை. நீதிமன்றம் போனால் இன்னும் கூடும். நேரடியாகக் கேட்டாலே கொடுத்துவிடும் தெளிவான கேஸை அவர்களிடம் கொடுப்பது வீண். நிறுவனம் இரண்டு முறை மறுத்துவிட்டது, அது வேறு நாட்டில் இருக்கிறது, மொழியும் தெரியாது என்றால் அந்தக் கமிஷன் நியாயமான செலவு.

ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் செய்வது இலவசம், மெதுவானது. தனிநபருக்குப் பணம் வாங்கித் தரும் அதிகாரம் எல்லா அமைப்புக்கும் கிடையாது. ஆனால் புகார் எண் விழுந்ததும் நிறுவனத்தில் உங்கள் கோப்பு வேறு மேசைக்குப் போகிறது, பல நேரம் அதுவே போதும். பிரிட்டனில் 8 வாரம் பதிலில்லை என்றால் நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் மாற்றுத் தீர்வு அமைப்புக்குப் போகலாம். இந்தியாவில் ஏர்சேவா தளம் இருக்கிறது.

கிரெடிட் கார்டு சார்ஜ்பேக் (கார்டு கொடுத்த வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது), வரவேண்டிய ரீஃபண்டை இழுத்தடிக்கும் நிறுவனத்துக்கு எதிராக மிகக் கூர்மையான கருவி. ரத்தான பயணத்துக்குப் பொருந்தும். பறந்து முடித்த தாமதப் பயணத்துக்குப் பொருந்தாது, சட்ட இழப்பீட்டுக்கும் பொருந்தாது. பொதுவாக 120 நாள் கெடு. நிறுவனம் ரீஃபண்டை மறுத்த மின்னஞ்சலை இணைத்தால் வலுவாக நிற்கும்.

பயணக் காப்பீடு பெரும்பாலும் 6 அல்லது 12 மணி நேரத் தாமதத்துக்குப் பிறகே வேலை செய்யும். காரணம் யாருடையதாக இருந்தாலும் பெரும்பாலும் கொடுக்கும் என்பது இதன் பெரிய சாதகம், அதனால் வானிலைத் தாமதத்துக்கு இதுவே முதல் வழி. நிறுவனம் ஏற்கெனவே கொடுத்த ஹோட்டல் பில்லை இங்கேயும் கேட்டால் மறுப்பார்கள்.

எல்லாம் தோற்றால் நுகர்வோர் ஆணையம் அல்லது சிறு வழக்கு நீதிமன்றம். மான்ட்ரியல் வழக்குக்குக் கெடு வந்துசேர்ந்த, அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டு. போகவர டிக்கெட்டில் “சேரும் இடம்” என்பது நீங்கள் கிளம்பிய ஊராகவே கொள்ளப்படுவதால், சொந்த ஊர் நீதிமன்றத்திலேயே போட வாய்ப்பு உண்டு. இந்திய நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 ஆண்டுதான். ஐரோப்பிய இழப்பீட்டுக்குக் கெடு நாட்டுக்கு நாடு மாறும்: ஜெர்மனியில் தாமதம் நடந்த ஆண்டின் முடிவிலிருந்து 3 ஆண்டு, பிரான்ஸில் 5, இங்கிலாந்தில் 6. லக்கேஜுக்கு மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. சேதத்தை 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டியைக் கையில் வாங்கிய 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் செய்யாவிட்டால் வழக்குக்கே இடமில்லை.